மாட்டுச் சர்க்கரை

மார்ச் 4

அன்புள்ள சம்பந்திக்கு,

முதலில் குப்பிகளை எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் ஆய்வகம் கேட்ட சர்க்கரை, மொத்தம் ஏழு குப்பி. ஆறாவதைச் செய்து முடிக்க எனக்கு ஒன்பது வாரம் பிடித்தது. அதைக் கை தவறவிட்டீர்கள் என்றால் சம்பந்தி என்றும் பார்க்க மாட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை எடுப்பவள் என் மகள். என் குரல் கேட்டதும் "மாமா, உங்களுக்குத்தான்" என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஐந்து மாதமாக அவள் வாயிலிருந்து நான் கேட்பது அந்த இரண்டு சொல்தான், அதுவும் எனக்குச் சொன்னதில்லை. அதனால்தான் ஐஸ் பெட்டிக்குள் கடிதம். உங்கள் ஆய்வகத்தில் பெட்டி பிரிப்பது நீங்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன் என் மகள் பேசிய அந்த செமினாரில் நீங்களும் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். இருந்தாலும் என் பக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் மேலே சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது. காவல் செல்களின் கை, அதாவது ரிசெப்டர், அதைத் தடவிப் பார்க்கிறது. கிருமியின் சர்க்கரை என்றால் பாய்கிறது. நம்முடையது என்றால் அடங்கிவிடுகிறது. இவள் மேடையில் நின்று, மனித நுரையீரல் செல்லில் ஒரு சர்க்கரையைக் கண்டேன், காவல் செல் அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிறது என்றாள். எந்தச் சர்க்கரை? மாடு செய்யும், ஆடு செய்யும், மனித செல்லுக்கு மட்டும் செய்யவே வராத சர்க்கரை! முப்பது வருஷமாகச் சர்க்கரை ஒன்றையே செய்துகொண்டிருப்பவள் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, "எந்த மாட்டுக்கிட்ட வாங்கினது இது?" என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கேள்வி சரி, சம்பந்தி. இன்றைக்கும் சொல்வேன். மே மாதம் அவள் பேப்பர் அச்சாகிறதாம், ஜூனில் தீசிஸ். இரண்டும் அந்த ஒரு சர்க்கரையின் மேல் நிற்கின்றன. தப்பாக இருந்து நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால், நான் சிரிக்க வைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். என் பெண் என்னோடு பேச வேண்டும். அவள் வேலையும் நிலைக்க வேண்டும். இரண்டும் வேண்டும் எனக்கு, பேராசைதான். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

சம்பந்தியம்மா


மார்ச் 12

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். ஏழு குப்பியும் சௌக்கியம். ஆறாவதை மட்டும் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன், வழியில் வந்தவர்களெல்லாம் விலகி நின்றார்கள், போதுமா?

நீங்கள் சொன்னபடி நேற்று டீ குடிக்கும்போது மெதுவாக உங்கள் பேச்சை எடுத்தேன். "மாமா, டீக்குச் சூடு போதுமா?" என்றாள். போதும்மா என்றேன். பேச்சும் அதோடு போதும் என்பது எனக்கும் புரிந்தது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர், சம்பந்தியம்மா. என் பையனுக்கு வேலை வெளியூரில். பேசிக்கொள்ள இருக்கிற ஒரு ஆளையும் நான் பகைத்துக்கொள்ள முடியாது பாருங்கள்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பெற்ற பெண்ணை நாலு பேர் நடுவில் வைத்து மாடு, ஆடு என்று கேட்டது நியாயமா? அவள் எப்படி உழைத்தாள் என்பதை உடனிருந்து பார்த்தவன் நான். மற்றவர்கள் எல்லோரும் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் ஊற்றித்தான் செல் வளர்க்கிறார்கள். இவள் மிருகச் சரக்கு ஒரு துளிகூடப் படக் கூடாது என்று தனித் தீனி கலந்து, தனி பாட்டில், அதன்மேல் தன் கையாலேயே சிவப்பில் எழுதி வைத்திருக்கிறாள். இருபத்தாறு வருஷமாகச் செல் வளர்ப்பு அறை என் பொறுப்பில் இருக்கிறது, இப்படி ஒரு சுத்தத்தை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷனைப் பார்க்க ரயிலேறினாள் என்றால் திங்கட்கிழமைதான் வருவாள். அந்த இரண்டு நாளும் அந்தச் செல்களுக்கு நான்தான் தாய், தகப்பன். வெள்ளிக்கிழமை வாடிக் கிடப்பவை திங்கட்கிழமை கொழுகொழுவென்று இருக்கும். "மாமாவுக்குக் கைராசி" என்று பேராசிரியரிடமே சொல்லியிருக்கிறாள், தெரியுமா? அப்படிப்பட்ட பெண்ணை என்னமோ மாட்டுத் தரகன் மாதிரி விசாரித்துவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடெல்லாம் நேரத்துக்குத்தான். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 18

சம்பந்திக்கு,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியதுதான்.

கைராசி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். அவள் கலக்கும் தீனி என்ன என்று எனக்குத் தெரியும். அதில் வளரும் செல் மெதுவாக வளரும், ஒல்லியாக இருக்கும். இரண்டே நாளில் கொழுகொழுவென்று ஆகாது. கைராசி சமையலுக்கு உண்டு, செல்லுக்குக் கிடையாது.

சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான். ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?

சம்பந்தியம்மா


மார்ச் 25

சம்பந்தியம்மாவுக்கு,

இருபத்தாறு வருஷம். ஒரு தட்டில் பூஞ்சை பிடித்ததில்லை, ஒரு பாட்டில் மாறியதில்லை. என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. முதலில் உங்கள் மகளைச் சபையில் நிறுத்தினீர்கள், இப்போது நான். நல்லது. மீதிச் சொந்தக்காரர்களையும் ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.

குப்பிகள் தீர்ந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

சம்பந்தி


மார்ச் 29

சம்பந்தியம்மா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தபாலில் போட்ட கையோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை.

கன்று சீரம்தான். ஊற்றினேன்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லெல்லாம் சுருங்கி, தட்டைவிட்டுக் கழன்று மிதக்கிறது. அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு சம்பந்தியம்மா, என் கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது. போன் போட்டேன், அவள் திரும்பி வருகிற ரயிலில் சிக்னல் கிடைக்கவில்லை. பக்கத்துத் தட்டில் மற்றவர்களின் செல்கள் கன்று சீரத்தைக் குடித்துவிட்டுத் தளதளவென்று இருக்கின்றன. பசித்த பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுப் பால் வாங்கி ஊட்டுவதில்லையா? அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு பிப்பெட். மறுநாள் காலையில் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டன. அவள் வந்து பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக் குதித்தாள். "மாமா, என்ன மாயம் பண்ணீங்க?" என்றாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறும் கொஞ்சம் கொடுத்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது.

தின்றது செரித்துப் போய்விடும் என்றுதான் நம்பினேன். சத்தியமாக. நான் செல்லை உயிரோடு வைத்திருக்கிறவன்தானே, சர்க்கரை சங்கதி எனக்கு எங்கே தெரியும்? ஆனால் நீங்கள் எழுந்து எந்த மாடு என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதைத் தட்டித் தட்டித் தூங்க வைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது ஒரு உபகாரம் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பெரிய ரசாயனக்காரர். தீனியில் ஏதோ கலப்படம் இருக்கலாம், எல்லாவற்றையும் மறுபடி செய்து பார் என்று உங்கள் பக்கமிருந்து பேராசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். வேலையும் திருந்திவிடும். என் பெயரும் வராது. உங்களிடம் ஏற்கெனவே பேசாதவள்தானே, கூட ஒரு கோபம் உங்களுக்கு என்ன பெரிசு? எனக்கு அப்படி இல்லை. அவள் மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் எனக்கு இந்த வீடே வேண்டாம்.

சம்பந்தி


ஏப்ரல் 5

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, தனியாக அறையில், "நான்தான் சொன்னேனே!" என்று சத்தமாகக் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. பெண்ணின் வேலை இடிந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது திட்டுகிறேன். செரித்துப் போகுமாம்! மனித செல்லுக்கு அந்தச் சர்க்கரையைச் செய்யத்தான் வராது. கிடைத்தால் விடாது. தீனியிலிருந்து பொறுக்கி எடுத்து, தன்னுடையது மாதிரியே மேலே போர்த்திக்கொள்ளும். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அவற்றுக்கு மாட்டின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறீர்கள். இவள் திங்கட்கிழமை வந்து, ஆஹா என்ன சட்டை என்று அதையே எழுதி வைத்திருக்கிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்பார்கள். நீங்கள் மருமகள் மடியில் விட்டுவிட்டீர்கள்.

உங்கள் உபகாரம் முடியாது. கூட ஒரு கோபம் எனக்குப் பெரிசா என்று கேட்டீர்கள். பெரிசுதான் சம்பந்தி, ரொம்பப் பெரிசு. ஆனால் அதற்காக மறுக்கவில்லை. நான் எழுதினால் அவள் தன் கையில்தான் தப்பு என்று நினைத்துத் தன்னையே தேடித் தேடிக் கரைவாள். தீனியைச் சந்தேகப்படுவாள், பாட்டிலைச் சந்தேகப்படுவாள், தனக்கு இந்த வேலையே வராது என்றுகூட முடிவு கட்டுவாள். சின்ன வயதில் ஒரு கணக்குத் தப்பினால் நோட்டையே தூக்கிப் போடுகிற குழந்தை அது. அவள் கை சுத்தம் என்பதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நானும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் கேள்வி சரி. ஆனால் செமினாருக்கு முதல் நாளே அவள் மேடையில் காட்டப்போகிற படங்களை எனக்கு அனுப்பியிருந்தாள். "அம்மா, பாத்துட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். வேலை மும்முரத்தில் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். அரங்கத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன், பார்த்த வேகத்தில் எழுந்துவிட்டேன். அவளுக்கு நான் கேட்டது கேள்வியாகவா கேட்டிருக்கும்? வேண்டுமென்றே மேடை வரைக்கும் காத்திருந்து அம்மா கவிழ்த்தாள் என்றுதான் கேட்டிருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லிவிடுங்கள். பேப்பர் அச்சுக்குப் போகுமுன். திட்டுவாள், அழுவாள். மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தினால் எனக்கு எழுதுங்கள், ஐந்து மாதம் அதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியும், சொல்லித் தருகிறேன்.

சம்பந்தியம்மா


ஏப்ரல் 19

சம்பந்தியம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவள் செல்லைப் பார்க்க வந்தபோது, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முன்னுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், வாய் திறந்ததும் ஒன்றும் வரவில்லை. "அம்மாடி, ஞாயித்துக்கிழமையில நான் கன்னு சீரம் ஊத்தினேன்" என்று மட்டும் வந்தது. அவள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக.

"எத்தனை ஞாயித்துக்கிழமை, மாமா?"

"போன ஆகஸ்ட்ல இருந்து."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

"ஜனவரியில தொடர்ச்சியா மூணு வாரம் நீ ஊருக்குப் போகலையே, அப்ப மட்டும் இல்ல. நீயே பாத்துக்கிட்ட."

கத்துவாள் என்று சுவரோடு ஒண்டிக்கொண்டு நின்றேன். அவள் தன் நோட்டை எடுத்து ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே சிவப்பில் குறுக்குக் கோடு போட்டு, 'தோல்வி, சேர்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அந்த மூன்று வாரமும் ரிசெப்டர் செல்லைப் பிடிப்பது வாரா வாரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பிடிக்கவே இல்லையாம். கை தவறிவிட்டது என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள்.

"மாமா, இந்த வருஷத்துல என் எக்ஸ்பெரிமென்ட் சரியா நடந்தது இந்த மூணு வாரம்தான்" என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து பிளீச்சில் கவிழ்த்தாள். அறைச் சாவியைக் கேட்டாள், கொடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சாவி என் இடுப்பைவிட்டு இறங்கியது அன்றைக்குத்தான். வலித்தது. ஆனால் நியாயம்தான்.

மத்தியானமே பேராசிரியரிடம் போய்ச் சொல்லி, அச்சுக்கு அனுப்பிய பேப்பரைத் திரும்ப வாங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே போய் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், கொஞ்சம் கழித்து அந்த ஜனவரிப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊட்டியதைச் செல் உடுத்திக்கொள்கிறது, காவல் செல் அதையும் நம் ஆள் என்று நம்பி அடங்குகிறது, இது சின்ன விஷயம் இல்லையே என்றார். தீசிஸுக்கு டிசம்பர் வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார். சுத்தமான சர்க்கரையை அளவாகக் கொடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. நீங்கள் சொன்ன படங்கள் விஷயத்தை நேற்று மெதுவாகச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் மன்னியுங்கள், எனக்கு இப்போது மறைத்து வைக்கவே பயமாக இருக்கிறது. "பாக்கவே இல்லையா?" என்று ஒருமுறை கேட்டாள். பார்க்கவே இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்குக் காலை பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பினாள். சனிக்கிழமை. பையன் ஊருக்குப் போகிற ரயில் அந்த நேரத்துக்குக் கிடையாது. எங்கேம்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் மாத்திரைகளை வாரம் முழுவதுக்கும் பிரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கேதான் இருக்கிறாள். முதலில் மூச்சு விடுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டீர்களா?

வீட்டுக்கு வரவில்லை, நேராக ஆய்வகத்துக்கே வந்தாள். நான் அப்போது ஒரு சர்க்கரையைக் கோத்துக்கொண்டிருந்தேன். பனிக்குளிரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நடுவில் கை எடுத்தால் இரண்டு வார வேலை போச்சு. கதவு திறந்தது, யாரோ பெட்டியைக் கீழே வைத்தார்கள். திரும்பினால் என் பெண். வாயைத் திறந்தால் கை நடுங்கிவிடும் என்று நான் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கத்தில் வந்து மூக்குக் கண்ணாடி என் மூக்கிலிருந்து வழுக்குவதைப் பார்த்து, ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டாள். சொட்டு முடிய நாற்பது நிமிஷம். சம்பந்தி, என் முப்பது வருஷத்தில் அவ்வளவு நீளமான சொட்டுகளை நான் விட்டதில்லை.

உங்கள் மேல் பயங்கரக் கோபமாம். "மாமா கெட்டதுக்குச் செஞ்சிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு முடிச்சிருப்பேன்மா. பாசத்துல செஞ்சிருக்காரு, எப்படித் திட்டுறதுன்னே தெரியல" என்றாள். நீங்கள் இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொள்ள யார் சொல்கிறார்கள் என்று அடுத்த மூச்சில் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், பக்கத்திலேயே இருங்கள். படங்கள் விஷயத்தை நீங்கள் சொன்னதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

ஆனால் என்னை அவ்வளவு சுலபமாக விடவில்லை. பாத்திரத்தை நான் கீழே வைத்ததும், எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டது சரிதான். நான் ஒத்துக்கறேன்" என்றாள்.

"அதை விடுடி. நான் கேட்ட விதம் இருக்கே..."

"அதை நான் இன்னும் மன்னிக்கல. அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"எவ்ளோ நாள்?"

"சுத்தமான சர்க்கரை உங்ககிட்டதான் இருக்கு. புதுச் செல்லு வளர்ந்து, சர்க்கரை கொடுத்து, அளந்து முடிக்க நாலு மாசம். அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன், உங்க ரூம்லதான் படுப்பேன். அதுக்குள்ள மன்னிக்க முடியுதான்னு பாக்கறேன்."

அவசரமே இல்லடி, நல்லா மெதுவா மன்னி என்று சொல்லியிருக்கிறேன்.

சம்பந்தியம்மா